மூப்பும் மரபணுவும்

முதுமையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. நரை என்பது மயிரின் வெண்மை. திரை என்பது தோலின் சுருக்கம். மூப்பு என்பது இவ்விரண்டையும் உள்ளடக்கிய முழு உடலின் தளர்ச்சி. இன்று சற்றே ஏளனக் குறிப்போடு வழங்கும் 'கிழவன்' என்னும் சொல், தொல்காப்பியத்தில் உரிமையுடையவன் என்ற பொருளில் தலைவனைக் குறித்தது. கிழமை என்றால் உரிமை. உரிமையுடையவன் வயது முதிர்ந்தவனாக மாறிய வரலாறு சொல்லாராய்ச்சியாளர்க்கு உரியது. அதனை அவர்களிடமே விட்டுவிடுவோம். ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது சொல்லை அன்று, பொருளை.

ஆண்டுகள் பல கடந்தும் நரையின்றி இருந்த பிசிராந்தையாரை நோக்கிக் காரணம் யாதென வினவியபோது, தம் மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் ஆகியோரை அவர் காரணமாகக் காட்டினார் என்பது புறநானூறு தரும் செய்தி. வினா அன்றும் இன்றும் ஒன்றே. ஒரு வீட்டில் அண்ணன் எண்பதிலும் நிமிர்ந்து நடக்க, தம்பி ஐம்பத்தைந்தில் நெஞ்சு நோயால் மறைவது ஏன்? புலவர் சூழலைக் காட்டினார். இன்றைய உயிரியலார் சூழலோடு மரபணுவையும் சேர்த்துக் காட்டுகின்றனர். அவர்கள் காட்டுவது எவ்வளவு உறுதியானது, நம் வீடுகளுக்கு அது என்ன சொல்கிறது என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். நம் பகுதியின் பெருமைக்குரிய டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில் பிறந்து, 1975-இல் தம் 86-ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் முப்பதைக்கூடத் தொட்டிருக்கவில்லை. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. பிறந்த குழந்தைகளுள் பல தொட்டிலிலேயே மடிந்தமையால் சராசரி தாழ்ந்தது. தொட்டிலையும் கொள்ளைநோயையும் தாண்டியவர் அன்றும் நெடுநாள் வாழ்ந்தனர். 1951-ஐ ஒட்டி 32 ஆக இருந்த சராசரி ஆயுள் இன்று 70-ஐ எட்டிக் கடந்துள்ளது. 2021-இல் தமிழக மக்களுள் 100-க்கு 13 பேருக்குச் சற்று மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள் என மைய அரசின் புள்ளியியல் துறை கணித்தது. இவ்வகையில் கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கே. முன்பெல்லாம் வயிற்றுப்போக்கும் அம்மையும் முந்திக்கொண்டமையால் வெளிப்பட வாய்ப்பில்லாத நோய்கள் இப்போது வெளிப்படுகின்றன. இதயத் தளர்ச்சி, நீரிழிவு, மறதி நோய் ஆகியவை அவற்றுள் தலையாயவை.

புழுவும் மனிதனும்

மூப்பு என்பது இயந்திரம் தேய்வதைப் போன்ற வெறும் தேய்மானம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1961-இல் லெனார்டு ஹேஃபிளிக் என்னும் அமெரிக்க அறிஞர், மனித உடலிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் பிரிவதை நிறுத்திவிடுகின்றன என்று காட்டினார். உயிரணுவுக்குள்ளேயே ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது என்ற எண்ணம் அப்போது வலுத்தது. குரோமோசோமின் நுனிகள் ஒவ்வொரு பிரிவின்போதும் சற்றே குறைகின்றன என்பது பின்னர் அறியப்பட்டது. அந்நுனிகளைக் காக்கும் ஏற்பாட்டைக் கண்டறிந்த எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மூப்பின் வேகத்தை மரபணுவே மாற்ற இயலும் என்று காட்டியது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழு. 1988-இல் ஒரே ஒரு மரபணு பழுதுபட்ட புழுக்கள் மற்றவற்றைக் காட்டிலும் நெடுநாள் வாழ்ந்தன என்ற செய்தி வெளியாயிற்று. 1993-இல் சிந்தியா கெனியன் என்னும் பெண் அறிஞர் வேறொரு மரபணுவை மாற்றிப் புழுவின் ஆயுளை இரு மடங்காக்கினார். இன்சுலினை ஒத்த செய்திகளை உயிரணு பெற்றுக்கொள்ளும் பாதையைச் சேர்ந்தது அம்மரபணு. மனிதரிடமும் அப்பாதை உண்டு. அதனைச் சார்ந்த 'ஃபாக்சோ 3' என்னும் மரபணுவின் ஒரு வடிவம், ஹவாய்த் தீவில் வாழும் ஜப்பானிய வழியினருள் தொண்ணூற்றைந்தைக் கடந்த ஆடவரிடையே மிகுதியாகக் காணப்பட்டதென 2008-இல் அறிவிக்கப்பட்டது.

எனினும் புழுவின் கணக்கை மனிதனுக்கு அப்படியே பொருத்துதல் பொருந்தாது. டென்மார்க்கில் 1870-க்கும் 1900-க்கும் இடையே பிறந்த 2,872 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட கட்டுரை, மனித ஆயுளின் வேறுபாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மரபுவழி வருவது என்றது. பின்வந்த மதிப்பீடுகள் சில இதனினும் குறைவாகவும், சில கூடுதலாகவும் கூறுகின்றன. எப்படி நோக்கினும் பிசிராந்தையார் முற்றும் தவறிவிடவில்லை.

அறுவடைக்குப் பின் முளைக்கும் களை

நோய் தரும் மரபணுக்களை இயற்கை ஏன் களைந்தெறியவில்லை என்னும் வினா மாணவர்க்கு எழுவது இயல்பு. இதற்கு விடையளித்தோருள் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து, 1957-இல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றி, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர். நடுவயதில் தோன்றும் ஒருவகை நரம்பு நோயைப் பற்றி எழுதுகையில், அந்நோய் வெளிப்படுமுன்பே நோயாளிக்கு மக்கள் பிறந்துவிடுவதால் இயற்கைத் தேர்வு அதனைத் தடுக்க இயலாது என்று 1941-லேயே அவர் சுட்டினார். பத்தாண்டுகளுக்குப் பின் பீட்டர் மெடாவர் இக்கருத்தை விரித்து, மூப்புக்கே அதுதான் காரணம் என்றார்.

உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனை விளக்குதல் எளிது. நாற்றுப் பருவத்தில் முளைக்கும் களையை உழவன் விடான்; பயிர் போய்விடும். அறுவடை முடிந்த வயலில் முளைக்கும் களையை யாரும் குனிந்து பிடுங்குவதில்லை. குழந்தைப் பருவத்தில் கொல்லும் மரபணு, அதனைத் தாங்கிய குழந்தையோடு அழிந்துபோகும். ஐம்பதில் வருத்தும் மரபணுவோ அதற்குள் மகனிடம் சென்றிருக்கும், பேரனிடமும் சென்றிருக்கும். அக்களையின் விதை நிலத்தில் தங்கிவிடுகிறது.

இவ்விளக்கத்துக்கு நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று 2009-இல் கிடைத்தது. அதுவும் தமிழகத்தில் தொடங்கிய ஆராய்ச்சி என்பதால் சற்று விரிவாகவே காண்போம்.

மதுரையில் தொடங்கிய தேடல்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த பெருந்துறை தண்டபாணி, அப்பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்காவில் பணியாற்றும் சக்திவேல் சடையப்பன், ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் பல நாட்டு அறிஞரும் சேர்ந்து 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். இதயத் தசை சுருங்கி விரியத் துணைபுரியும் ஒரு புரதத்தைப் பற்றியது அது. அப்புரதத்தை ஆக்கும் மரபணு 11-ஆம் குரோமோசோமில் உள்ளது. மரபணுவை நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு நீண்ட ஏடு என்று கொண்டால், சிலருடைய ஏட்டில் ஓரிடத்தில் தொடர்ச்சியாக 25 எழுத்துகள் விடுபட்டுள்ளன. ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையால் பாடம் மாறுவதைச் சுவடிப் பதிப்பாசிரியர் நன்கறிவர், இதுவும் அத்தகையதே. விடுபட்ட பகுதி புரதத்தின் செய்தியை நேரே சொல்லும் பகுதியன்று. இரு செய்திகளுக்கு இடைப்பட்ட பகுதி. ஆயினும் அது இல்லாதபோது அடுத்த செய்தி தாண்டிப் படிக்கப்படுவதால், புரதத்தின் கடைப்பகுதி வேறாகிவிடுகிறது.

இதயத் தசை நோயுற்றவர்களிடமும் நோயற்றவர்களிடமும் தனித்தனியே தேடியபோது, இவ்விடுபாடு உடையவர்க்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு மிகுதி என்று அக்கட்டுரை கணித்தது. இதனினும் வியப்பளித்தது மற்றொன்று. இந்தியத் துணைக்கண்டத்து மக்களுள் 100-க்கு 4 பேரிடம் இவ்விடுபாடு காணப்பட்டது. பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் கிடைத்தது. ஐரோப்பியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் நம் துணைக்கண்டத்தில் வாழ்ந்த யாரோ ஒருவரிடம் இது தோன்றியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதினர். சங்கப் புலவர் காலத்துக்கு இருபத்தெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கைப்பிழை! வடமொழி, தென்மொழி என்ற பிரிவும் சமயப் பிரிவும் சாதிப் பிரிவும் தோன்றுமுன்னரே தோன்றி, எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் பரவிக் கிடக்கிறது.

தீங்கான இம்மாற்றம் இவ்வளவு காலம் எவ்வாறு நிலைத்தது? தங்கராஜ் தந்த விளக்கம் மூப்பின் தன்மையையே உணர்த்துகிறது. இளமையில் உயிரணுக்கள் பழுதான புரதத்தை அடையாளங்கண்டு சிதைத்துவிடுகின்றன. வயது ஏற ஏற அத்துப்புரவுப் பணி தளர்கிறது. பழுதான புரதம் தங்குகிறது. தசை தன் ஒழுங்கை இழக்கிறது. இருபது வயதில் திருத்தணி மலையின் 365 படிகளையும் ஓடி ஏறியவன், ஐம்பதில் நூறாவது படியில் மூச்சு வாங்க நிற்கிறான். படியும் அதுவே, பிறக்கும்போது பெற்ற மரபணுவும் அதுவே. இடையில் தளர்ந்தது உயிரணுவின் துப்புரவு. (மூச்சு வாங்குவோர் எல்லாரும் இந்நோயினர் என்று யாரும் அஞ்ச வேண்டா. இரத்தச் சோகை, பருமன், புகைப்பழக்கம் எனக் காரணம் பல.)

புரதங்களை உயிரணு ஆக்குவதும் அழிப்பதும் மூப்பு ஆராய்ச்சியின் நடுநாயகமாக இன்று விளங்குகின்றன. புரதம் உருவாகும் தொழிற்கூடமாகிய ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்து 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கி இராமகிருஷ்ணன் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர். மூப்பு, சாவு ஆகியவற்றின் அறிவியலைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூலொன்றை அவர் 2024-இல் வெளியிட்டார். ஆயுளை நீட்டுவதாகக் கூறும் வணிகர்களை அந்நூலில் அவர் ஐயக்கண் கொண்டே நோக்குகிறார். காயகற்பம் தேடிய நாட்டில் பிறந்தவர்க்கு அந்த ஐயம் எளிதில் வந்திருக்கும் போலும்.

பெரியோர் எழுப்பும் தடை

இவ்வாராய்ச்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் பெரியோர் ஒரு தடையை எழுப்புவர். "சொந்தத்திலேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்? எங்கள் பாட்டனுக்கு என்ன குறை?" என்பர். இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

கே.ஜி.கண்டிகையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் 1960 ஏப்ரல் முதல் நாளன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த திருத்தணிப் பகுதியைச் சேர்ந்தவை. தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. மண முறையிலோ தெருவுக்குத் தெரு விந்தைகள் உண்டு. அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பது தமிழ், தெலுங்கு இந்துக் குடும்பங்கள் பலவற்றில் உரிமை. இசுலாமியர்க்கு அது முற்றிலும் விலக்கு. சிற்றப்பன் மகளை மணப்பது இசுலாமியர்க்கு ஆகுமானது. இந்துக்களுக்கு அவள் தங்கை. அத்தை மகளும் மாமன் மகளும் இரு சாராருக்கும் பொது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்துத் திருமணங்களில் 100-க்கு 28 இரத்த உறவுக்குள் நிகழ்ந்தவை. இந்திய அளவில் அது 11. மரபணுவுக்கு முறைப்பெயர்கள் தெரியா. தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்கின்றனர். மேற்சொன்ன மற்ற உறவினர் எட்டில் ஒரு பங்கு.

இதனை முறையாக ஆராய்ந்தவர்கள் நம் அண்டைப் பகுதியினரே. ஹால்டேனின் மாணவரான துரோணம்ராஜு கிருஷ்ணராவும் பி. மீரா கானும் ஆந்திரத்தில் உறவுத் திருமணங்களின் அளவை ஆராய்ந்து 1960-இல் கட்டுரை வெளியிட்டனர். 1970-களில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ்.எஸ். சுந்தர் ராவ், எஸ்.ஜி. இன்பராஜ் ஆகிய இருவரும் வட ஆர்க்காட்டுப் பகுதியில் பல ஆயிரம் குடும்பங்களை ஆராய்ந்தனர். உறவில் மணந்தோர்க்கும் பிறர்க்கும் இடையே கருச்சிதைவிலும் குழந்தை இறப்பிலும் எதிர்பார்த்த அளவு வேறுபாடு இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. பல நூற்றாண்டுகளாக உறவுக்குள்ளேயே மணந்ததால் குழந்தைகளைக் கொல்லும் மரபணுக்கள் பெரிதும் கழிந்துபோயிருக்கலாம் என்று அவர்கள் கருத்துரைத்தனர். இது பெரியோர் பக்கம் சாயும் சான்றேயாகும். வேறு ஆய்வுகள் தீங்கைக் காட்டியுள்ளன என்பதும், அரிய பரம்பரை நோயுள்ள குழந்தைகளைக் குழந்தை மருத்துவர் உறவுத் திருமணங்களில் மிகுதியாகக் காண்கின்றனர் என்பதும் மறுக்கவியலாதவை.

ஆனால் நாம் பேசுவது முதுமை நோயைப் பற்றி. வேலூர் அறிஞர் கூறிய கழிவு, தொட்டில் நோய்க்கே பொருந்தும். அறுவடைக்குப் பின் முளைக்கும் களைக்கு அக்கழிவு இல்லை. பாட்டனார் ஐம்பத்தைந்தில் மறைந்ததை ஊர் 'வயதாகிவிட்டது' என்று எடுத்துக்கொண்டது. அவர் மக்கள் எண்மரும் நலமாகவே இருந்தனர். ஆகவே 'பாட்டனுக்கு என்ன குறை' என்ற கேள்வியைச் சற்று மாற்றி, 'பாட்டன் எந்த வயதில், எதனால் மறைந்தார்' என்று கேட்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு. நூற்றுக்கு நால்வரிடம் உள்ள ஒரு மரபணு மாற்றம் ஒரு பாட்டனாரிடம் ஒரு படியாக இருந்தது என்க. அவருடைய பேரனுக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பேரன் அயலில் மணந்தால், இருவரும் அதனை உடையவராகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. அப்பாட்டனாரின் மற்றொரு பேத்தியாகிய அத்தை மகளை மணந்தால் பதினாறில் ஒன்று. குழந்தைக்கு இரு படிகளும் சேரும் வாய்ப்பு முன்னதில் 400-க்கு ஒன்று, பின்னதில் 64-க்கு ஒன்று. 64-இல் 63 முறை ஒன்றும் நேராது என்பதனால்தான் பெரியோரின் பட்டறிவு பொய்யாகத் தோன்றுவதில்லை. ஆறு மடங்கு ஏற்றம் என்பதும் அதே கணக்கினுள்ளே இருக்கிறது.

திருத்தி எழுதப்பட்ட பாடம்

இவ்வளவில் கட்டுரையை நிறுத்தினால் பெருந்தீங்கு செய்தவராவோம். இதனை நாம் உணர்ந்தது ஒரு மாணவரால்.

நம் வகுப்பில் பயின்ற நெசவாளர் வீட்டுப் பிள்ளை அவர். தந்தை 51-இல் இதயம் தளர்ந்து மறைந்தார், பாட்டனார் 56-இல். அக்காளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தாம்பூலம் மாற்றும் நிலையில், "அந்த வீட்டில் நெஞ்சு நோய் இரத்தத்திலேயே இருக்கிறது" என்று யாரோ கூறக் கேட்டுத் திரும்பிப் போயினர். 100-க்கு 4 பேர் என்ற செய்தியை எங்கோ படித்துவிட்டு, "ஐயா, என் முறை எந்த வயதில் வரும்?" என்று நம்மிடம் கேட்டார். தலையெழுத்து என்னும் பழஞ்சொல்லுக்கு மரபணு என்ற புதுப்பெயர் சூட்டிக்கொண்டிருந்தது அப்பிள்ளையின் மனம்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம். 2009-இல் அறிவிக்கப்பட்டது முடிந்த முடிபன்று. 2018-இல் சடையப்பன் குழுவினரே அமெரிக்காவில் வாழும் தெற்காசியரை ஆராய்ந்து, 25 எழுத்து விடுபாடு உடையோருள் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் வேறொரு மாற்றமும் சேர்ந்திருப்பதையும், அவ்விரண்டும் உடையோரிடமே இதயத் தசையின் மாறுபாடு தெளிவாகத் தெரிவதையும் கண்டனர். 2020-இல் இலண்டன் ஆய்வாளர்களை உள்ளடக்கிய மற்றொரு குழு மேலும் ஒரு படி சென்றது. விடுபாடு மட்டும் உடையவர்க்கு இதயத் தசை தடிக்கும் நோய் வரும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு மிகுதியன்று. விடுபாட்டோடு ஒட்டிப் பயணம் செய்யும் அரியதொரு மாற்றமே பெரும்பாலும் நோய்க்குக் காரணம் என்றது. வழிப்போக்கனோடு சேர்ந்து நடந்த திருடனுக்காக வழிப்போக்கனைப் பிடித்ததைப் போன்றதாயிற்று முதல் முடிவு. விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆயினும் 100-க்கு 4 பேர் அனைவரும் நோயாளிகள் ஆகப்போகின்றனர் என்று 2009-இல் சில நாளேடுகள் எழுப்பிய அச்சம் நிலைக்கவில்லை என்பது உறுதி. பதிப்பில் பாடம் திருத்தப்பட்டுவிட்டது; பழைய பதிப்பையே கையில் வைத்துக்கொண்டு பெண் பார்க்கப் போவோர் இன்னும் உளர்.

அம்மாணவர் அரசு மருத்துவமனையில் எக்கோ பரிசோதனை செய்துகொண்டார். வலியற்ற, ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை அது. இதயம் இயல்பாக இருந்தது. தந்தைக்கு நோய் இருந்தமையால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பார்த்துக்கொள்ளுமாறு மருத்துவர் அறிவுறுத்தினார். மரபணு மூலம் வரும் இதயத் தசை நோயில் செய்யவேண்டிய முதற்பணி இதுவே: நோயாளியின் உடன்பிறந்தாரும் மக்களும் எக்கோ, ஈ.சி.ஜி. ஆகியவற்றைச் செய்துகொள்ளுதல். மரபணுப் பரிசோதனை அதற்குப் பின்னரே வருவது. அதையும் நோயுற்றவரிடம் முதலில் செய்து, காரணமான மாற்றம் கிடைத்தால் மட்டுமே பிறரிடம் தேடுதல் பயன்தரும். எச்சிலை அஞ்சலில் அனுப்பினால் ஆயுளைக் கணித்துத் தருவோம் என்னும் விளம்பரங்களுக்குப் பணத்தை இழப்பதினும், அப்பணத்துக்கு ஓர் இரத்த அழுத்தக் கருவி வாங்கி வீட்டில் வைத்தல் நன்று.

மறதியும் மாவட்ட எல்லையும்

மறதி நோயைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். 'அப்போ' எனப்படும் மரபணுவின் நான்காம் வடிவத்தைப் பெற்றவர்க்கு முதுமையில் அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பது 1993 முதல் அறியப்பட்டது. அரியானா மாநிலத்துப் பல்லப்கர் சிற்றூர்களில் இந்திய, அமெரிக்க அறிஞர் சேர்ந்து ஆராய்ந்தபோது, அவ்வடிவம் அங்கு 100-க்கு 7 அளவிலும், ஒப்பிட்ட அமெரிக்கப் பகுதியில் 11 அளவிலும் இருந்தது. ஆனால் 65 வயது கடந்தோரிடையே புதிதாக நோய் தோன்றும் வேகம் பல்லப்கரில் அமெரிக்கப் பகுதியினதைப் போல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. மரபணு வேறுபாடு சிறிது, நோய் வேறுபாடு பெரிது. உணவோ உழைப்போ கூட்டுக் குடும்பமோ, அன்றி நோயாளர் நெடுநாள் வாழாமையோ, எது காரணம் என்று ஆய்வாளர் அறுதியிடவில்லை. பிசிராந்தையாரிடம் கேட்டிருந்தால் கூட்டுக் குடும்பத்தைச் சொல்லியிருப்பார்.

2017-18-இல் தொடங்கிய இந்திய முதுமை நெடுங்கால ஆய்வு, 45 வயதை எட்டிய 72,000-க்கும் மேற்பட்டோரை நாடெங்கும் சந்தித்தது. அதன் கிளை ஆய்வின் அடிப்படையில், 60 வயது கடந்தோருள் 100-க்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுற்றவர் என 2023-இல் கணிக்கப்பட்டது. அவ்வாய்வில் பங்கேற்றவருள் ஏறத்தாழ 2,700 பேரின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டு 2025-இல் முடிவுகள் வெளியாயின. ஊர், மொழி, சமயம் கடந்து திரட்டப்பட்ட அக்கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அக்கூட்டத்தினுள்ளேயே ஏதோ ஒரு தூரத்து உறவினர் இருந்தார் என்பது அதில் நாம் கண்ட சுவையான செய்தி. ஐரோப்பியரைக் கொண்டே எழுதப்பட்டுவந்த முதுமை மரபியலில் இந்தியர்க்கும் இனி ஓர் இயல் உண்டு. நாட்டின் பல்வேறு மக்கட் குழுக்களிலிருந்து 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவுகளும் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிடப்பட்டன.

நீரிழிவைப் பற்றி விரித்தால் மலர் கொள்ளாது. நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு அந்நோய் உண்டென 2023-இல் கணிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கும் நோய் அது. ஒரு தலைமுறைக்குள் இத்துணைப் பெருகியமைக்கு மரபணு காரணமாக இருக்க இயலாது. மரபணு ஒரு தலைமுறையில் மாறுவதில்லை, தட்டில் இருப்பதும் கால் நடப்பதும் மாறும்.

சட்டம் ஓரளவு முன்னே சென்றுள்ளது. இதயத் தசை தடித்த ஒருவர்க்கு 'அது மரபணு நோய்' என்று கூறி மருத்துவக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்ட வழக்கில், மரபணு காரணமாகப் பாகுபாடு காட்டுவது அரசியலமைப்புக்கு முரண் என்று 2018 பிப்ரவரியில் தில்லி உயர்நீதிமன்றம் கூறியது. மரபணு நோய் என்ற காரணத்துக்காகக் கோரிக்கைகளை மறுத்தல் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அவ்வாண்டு மார்ச்சில் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. தாம்பூலம் மாற்ற வந்து திரும்பியவர்களுக்கு அறிவுறுத்த அத்தகைய ஆணையம் ஏதும் இல்லை. அப்பணி ஜமாஅத்துப் பெரியவர்களுடையது, ஊர்ப் பெரியதனக்காரர்களுடையது.

மாணவர்க்கு ஒரு பணி சொல்வோம். வரும் விடுமுறையில் தத்தம் வீட்டு மூன்று தலைமுறையினரின் பட்டியலை எழுதுங்கள். பெயர், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, மறைவுக்குக் காரணம், மணம் உறவிலா அயலிலா என்னும் ஐந்தே குறிப்புகள் போதும். இதய மருத்துவர் முதலில் கேட்பது இதனையே. நம்மவருள் பெரும்பாலோர் விழிப்பதும் இங்கேதான். 'நெஞ்சடைத்துப் போனார்' என்றால் திடீரெனவா, கால் வீங்கி மூச்சுத் திணறி நாளடைவிலா என்று கேட்டு எழுதுங்கள், இரண்டும் வெவ்வேறு. பாட்டிமார் ஆண்டை எண்ணாற் சொல்லார். "திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்த வருடம், சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அப்போது போனார்" என்பர். 1960 மே என்று எழுதிக்கொள்ளுங்கள்.